தண்ணீர் ஊற்றிய தேதி

என் மகள் பெரிய மனுஷியானது எப்போது என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரைக் கேட்டாலும் ஒரே தேதியைத்தான் சொல்வார்கள். அன்றைக்குத் தண்ணீர் ஊற்றியபோது எடுத்த படம் இன்னும் நாலு பேருடைய போனில் இருக்கிறது, தேதியோடு. அந்தத் தேதி பொய். அதைச் சொன்னவள் நான். நான் சொன்ன பொய்யை என் பிள்ளை தன் முதுகில் சுமந்தாள். அதை மழுப்பாமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

யட்டியாந்தோட்டை பஸாரிலிருந்து மேலே ஏறினால் வருகிற ரப்பர் தோட்டம் எங்களுடையது. நான் அங்கே பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறேன். விடிந்ததும் ரப்பர் பால் வெட்டப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். வாசலில் இப்போது மூன்று மொழியில் நீளமாக வேறு ஏதோ பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறார்கள், அந்தப் பெயரைச் சொல்லி யாரும் பிள்ளையைக் கொண்டுவருவதில்லை. எந்த அழுகை பசி, எந்த அழுகை வயிற்றுவலி என்று அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. என் சொந்தப் பிள்ளை விஷயத்தில்தான் அந்தக் கெட்டிக்காரத்தனம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

என் மாமனார் இறந்த நாலாம் நாள் அது. முன்னால் பந்தல், பின்னால் பெரிய அண்டாவில் சோறு, வீடு முழுக்க ஆட்கள். பதினொரு வயது முடிந்து சில மாதமே ஆகியிருந்த என் மகள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, விறகு அடுக்கி வைத்திருந்த மூலைக்குக் கூட்டிப்போய்க் காதில் சொன்னாள். கட்டிப்பிடித்து, ஒன்றுமில்லை, பயப்படாதே என்று சொல்ல வேண்டிய நேரம். ஆனால் அதே நேரத்தில் முன் அறையிலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. அப்பா போன நேரம் சரியில்லை, இந்த வீட்டுக்கு இன்னும் என்னென்ன வரக் காத்திருக்கிறதோ என்று யாரிடமோ சொல்லி அழுதுகொண்டிருந்தார். சாவுத் தீட்டுக்குள் சமைந்தவள் என்ற பெயர் ஒருமுறை விழுந்தால், நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் காதுவரை அது போகும். பிள்ளையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன்.

“வாயத் தொறக்காத,” என்றேன். “ஒருத்தருகிட்டயும் மூச்சு விடாத.”

அவள் தலையை ஆட்டினாள். நான் அண்டாவைப் பார்க்கப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் மறைத்தேன். என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அப்பாவைப் பறிகொடுத்த மனுஷனிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே ஒரு சாக்கு வைத்திருந்தேன். முதல் வருடத்தில் அது மாதம் தவறாமல் வரவில்லை, அது எனக்கு வசதியாகப் போயிற்று. வரும்போதெல்லாம் அவிசாவளைக்கு பஸ் ஏறி, முகம் தெரியாத கடையில் வேண்டியதை வாங்கிப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வருவேன். லயத்தில் அடுத்த வீட்டில் தும்மினால் இந்த வீட்டில் கேட்கும், அங்கே இருந்துகொண்டு இதை மறைத்திருக்கிறேன். கோயிலுக்குப் போகக் கூடாத நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பேன். அவள் பக்கத்தில் நின்று அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மாமனாருடைய வருஷத் திவசம் முடிந்த மறுவாரம், பிள்ளை இன்றைக்குப் பெரியவளாகிவிட்டாள் என்று அறிவித்தேன். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா போன வீட்டில் ஒரு வருடம் கழித்து ஒரு நல்லது நடக்கிறது என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னார். அத்தை முறைக்கு முதல் தண்ணீர் அவர்தான் ஊற்ற வேண்டும். தன் காதில் கிடந்த தோட்டைக் கழற்றிப் பிள்ளையின் காதில் போட்டுவிட்டு, மஞ்சள் தண்ணீர்க் குடத்தை இரண்டு கையாலும் தூக்கினார். அவருக்குச் சொந்தமாகப் பெண் பிள்ளை கிடையாது. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நேரே பார்க்காமல் நான் அடுத்த குடத்தை நிரப்பினேன்.

பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்த பிள்ளை, இரண்டாவது குடம் சரிந்தபோது முன்னால் குனிந்தாள். நனைந்த துணி முதுகோடு ஒட்டியது. வலப்பக்க முதுகு இடப்பக்கத்தைவிட மேலே எழும்பி நின்றது. யாரும் கவனிக்கவில்லை, எல்லோரும் குலவையும் சிரிப்புமாக இருந்தார்கள். நான் ஒரு துவாயை எடுத்து அவள் மேல் போர்த்திவிட்டேன். மறைப்பதில் அதற்குள் எனக்குக் கை பழகிப்போயிருந்தது.

பொய்த் தண்ணீர் ஊற்றியதற்குச் சாமி கொடுத்த கூலி என்றே நம்பினேன். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் பிள்ளையைக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்துப் பார்த்தேன். ஒரு தோள் உயர்ந்திருந்தது, இடுப்பின் ஒரு பக்கம் மடிப்பு விழுந்து மறுபக்கம் நேராக இருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, கொழும்புக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்கள்.

கொழும்பு என்றதும் அண்ணி தானும் வருவதாகச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் அவர் கொழும்பில் ஒரு வீட்டில் பல வருடம் வேலைக்கு நின்றவர், எந்த பஸ் எங்கே திரும்பும் என்பது அத்துப்படி. பால் வெட்டில் அன்றைய பேரும் சம்பளமும் போனாலும் பரவாயில்லை, மருமகள் முதுகைவிட மரமா பெரிது என்றார். எனக்கும் கொழும்புக்குப் போக வழி தெரியும், சிங்களமும் நன்றாகப் பேசுவேன். வேண்டாம் அண்ணி என்று சொல்ல ஒரு காரணம்கூட வாயில் வரவில்லை.

டொக்டர் ஒரு பெண், எங்கள் வயதுக்காரர்தான். பிள்ளையைக் குனியச் சொல்லி முதுகில் ஒரு சிறிய கருவியை வைத்து அளந்தார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் போட்டுக் காட்டினார். நேராக இறங்க வேண்டிய எலும்பு நடுவில் வலப்பக்கம் ஒதுங்கிப்போயிருந்தது. முப்பத்தொரு டிகிரி என்றார். இது பையைச் சுமந்ததாலோ சரியாக உட்காராததாலோ வந்ததல்ல, யாருடைய பிழையாலும் வந்ததல்ல, வளர்கிற வயதில் சில பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாமலே வரும் என்றார். சாமி கொடுத்த கூலி இல்லை என்று கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது. பிறகு டொக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“துவ லொக்கு லமயா வுனே கவதாத?”

மகள் பெரிய பிள்ளையானது எப்போது என்று அர்த்தம். நாம் பெரிய மனுஷி என்கிறோம், சிங்களத்தில் அதற்குப் பிறகும் பிள்ளை என்றே சொல்கிறார்கள். அந்தச் சொல் எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்றைக்கு அதைக் கேட்டதும் இரண்டு பக்கமும் பார்த்தேன். வலப்பக்கம் பிள்ளை, இடப்பக்கம் அண்ணி. எங்கள் பக்கத்தில் எப்போது சமைந்தாள் என்று கேட்டால் தண்ணீர் ஊற்றிய நாளைத்தான் சொல்வது வழக்கம், அதனால் இது பொய்யில்லை என்று ஒரு நொடியில் எனக்குள் ஒரு வக்கீல் எழும்பிப் பேசினாள். தண்ணீர் ஊற்றிய தேதியைச் சொன்னேன். நான்தான் முதல் தண்ணி ஊத்தினேன் மிஸ் என்று அண்ணி சிங்களத்தில் பெருமையாகச் சேர்த்துக்கொண்டார். டொக்டர் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் அந்தத் தேதியை எழுதி அடியில் ஒரு கோடு போட்டார்.

அந்தக் கோடு எதற்கென்று பிறகுதான் புரிந்தது. அவருடைய கணக்கு முழுவதும் அந்தத் தேதியில்தான் தொங்கியது. பெண் பிள்ளை பெரியவளாகி ஏறக்குறைய இரண்டு வருடம்வரை எலும்பு வளரும், வளரும்போதுதான் வளைவும் கூடும் என்றார். இந்தப் பிள்ளைக்கு இன்னும் நிறைய வளர்ச்சி மிச்சம் இருக்கிறது, அதனால் அவள் உடம்புக்கென்றே அளவெடுத்து ஒரு பிரேஸ் செய்து போட வேண்டும். குளிக்கிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம், தூங்கும்போதும் போட்டிருக்க வேண்டும். அது வளைவை நிமிர்த்தாது, கூடாமல் பிடித்து வைக்கும். பிடிக்காமல் விட்டு வளைவு ஏறிப்போனால் முதுகைத் திறந்து கம்பி வைக்க நேரிடும். இரண்டு வருடம் முடிந்து எலும்பு வளர்வதும் நின்றுவிட்டால் கழற்றலாம் என்றார். பிள்ளைக்கு என்னைவிட நல்ல சிங்களம் தெரியும். ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அண்ணி முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டாள். “ரெண்டு வருசம்னா எந்த நாள்ல இருந்தும்மா?”

நான் அவள் தொடையில் கிள்ளினேன். அண்ணி திரும்பிப் பார்த்து என்ன என்றார். பிள்ளைக்குத் தலை சுற்றுகிறதாம் என்றேன். அண்ணி பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தார். பிள்ளை வாங்கி முகர்ந்துகொண்டே வந்தாள்.

பிரேஸ் செய்வதற்கு அளவெடுத்த நாளை மறக்க முடியாது. மெல்லிய பனியனோடு அவளை ஒரு சட்டத்துக்குள் நிற்க வைத்து, மேலே கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். ஈரப் பிளாஸ்டர் துணியைக் கக்கத்திலிருந்து இடுப்புக்குக் கீழேவரை சுற்றினார்கள். அது இறுகும்வரை பிரேஸ் செய்கிறவர் மேடான பக்கத்தில் ஒரு கையையும் இடுப்பின் எதிர்ப்பக்கத்தில் மறு கையையும் வைத்து அழுத்திக்கொண்டே நின்றார். அது இறுக இறுக உள்ளே சுடும் என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார். பிள்ளையின் முகம் சிவந்தது. பிறகு அதை வெட்டித் திறந்து எடுத்தபோது அவளுடைய முதுகு அப்படியே வெள்ளைக் கூடாக மேசையில் கிடந்தது, வளைவோடு. அண்ணி அதைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், எனக்கு இது வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

இரண்டு மூன்று வாரத்தில் அந்த அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பிரேஸ் வந்தது. உள்ளே மெத்தை ஒட்டிய இடம் மேட்டை அழுத்தும், எதிர்ப்பக்கத்தில் ஒரு திறப்பு, அழுத்தப்பட்ட உடம்பு நகர்வதற்கு இடம். பின்னால் மூன்று பட்டி. ஒவ்வொரு பட்டியிலும் நீல மையால் ஒரு கோடு போட்டிருந்தார்கள், அந்தக் கோடு வரும்வரை இழுக்க வேண்டும். அதைப் போட்டபடியே ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வளைவு நன்றாக அடங்குகிறது என்றார் டொக்டர். ஆஸ்பத்திரியில் அதற்குப் பெயர் பிரேஸ். எங்கள் லயத்தில் ஒரே நாளில் அது பெட்டி ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவள் வயிற்றில் தட்டி வீட்டில் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார்களாம். இரண்டாம் நாள் நான் பள்ளிக்கூட வாசலில் போய் நின்று கொஞ்சம் பேசினேன். நான் பேசினால் யட்டியாந்தோட்டைவரை கேட்கும். அதற்குப் பிறகு யாரும் தட்டவில்லை.

பட்டியை இழுப்பது என் வேலை. காலையில் அவளைப் பாயில் படுக்க வைத்து, பிரேஸைச் சரியாகப் பொருத்தி, ஒருக்களித்துத் திருப்பி, மூச்சை விடு என்பேன். அவள் விடுவாள். நான் இழுப்பேன். முதல் வாரம் அவள் விலாவில் அழுத்தம் ஏறுவது என் கைக்குத் தெரிந்தது, என் கை தளர்ந்தது. கோடு வரவில்லையே அம்மா என்று அவளே சொல்வாள். எங்கள் ஊர் வெக்கை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை விட்ட மத்தியானத்தில் ரப்பர் மரத்துக்குக் கீழே காற்றே இருக்காது. உள்ளே போடுகிற பனியனை ஒரு நாளைக்கு மூன்று தடவை மாற்றினோம். இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்து கன்றிப்போனது, ஸ்பிரிட் தொட்டு ஒற்றுவேன், அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள். கீழே விழுந்த பென்சிலைக் குனிந்து எடுக்க முடியாமல் கால் விரலால் தூக்கப் பழகிக்கொண்டாள். ஒரு நாளும் கழற்றி எறியவில்லை, அழுது புரளவில்லை. அவளைப் பார்த்து லயமே மெச்சியது, நானும் பெருமைப்பட்டேன்.

ஒரு நாள் அவள் கணக்குக் கொப்பிக்கு உறை போடும்போது கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். சின்னச் சின்னப் பெட்டியாகக் கட்டம் போட்டு மாதத்தின் பெயர் எழுதியிருந்தாள். முடிந்த மாதங்களில் பெருக்கல் குறி. மொத்தம் இருபத்து நாலு கட்டம். முதல் கட்டத்தில் இருந்த மாதம், என் மாமனார் இறந்த மாதம். அதில் பாதிக்கு மேல், பிரேஸ் போடுவதற்கு முன்னாலேயே முடிந்துபோயிருந்தது. கிளினிக் கொப்பியின் கணக்கு முடிவதற்கு ஒரு முழு வருடம் முன்னாலேயே அவள் கணக்கு முடிந்துவிடும். உறையைப் போட்டு, கொப்பியைப் பையில் வைத்துவிட்டு நான் வேலைக்குப் போனேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அடுத்த கிளினிக்கில் டொக்டரின் மேசையில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்திருந்தால்கூடப் போதும். கூடுதலாகச் சில மாதம் போட்டால் என்ன கெட்டுவிடப் போகிறது, நல்லதுதானே என்று எனக்குள் இருந்த வக்கீல் சொன்னாள். அந்த வக்கீலுக்கு வேர்க்காது, அவள் இடுப்பு கன்றாது, பேசுவதற்கென்ன. உண்மையில் நான் பயந்தது ஒன்றுக்குத்தான். ஒவ்வொரு கிளினிக்குக்கும் அண்ணி வந்தார். பஸ்ஸில் பிள்ளை சாய்வதற்கு ஒரு தலையணை தைத்து எடுத்துக்கொண்டு வந்தார்.

தண்ணீர் ஊற்றி ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆன சமயத்தில் அந்த கிளினிக் வந்தது. பிள்ளை பிரேஸ் போட்டுப் பத்து மாதம். புறப்படும்போது அவள் அந்தக் கணக்குக் கொப்பியைப் பையில் வைத்ததைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

டொக்டர் முதலில் உயரம் அளந்தார். போன தடவை அளந்ததைப் புரட்டிப் பார்த்தார், அதற்கு முந்தின தடவையையும் பார்த்தார். உயரம் நின்றுவிட்டதே என்றார். எக்ஸ்ரேயில் வளைவு இருபத்தொன்பதில் இருந்தது. கூடவே இல்லை, நல்ல பிள்ளை என்று அவள் தோளைத் தட்டினார். பிறகு படத்தில் இடுப்பெலும்பின் விளிம்பைக் காட்டி, இது முதிர்ந்துவிட்டது போலத் தெரிகிறது என்றார். பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தாள். டொக்டர் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்துக்குப் போனார். கோடு போட்ட தேதியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

எலும்பு ஒன்றைச் சொல்கிறது, தேதி வேறொன்றைச் சொல்கிறது என்றார். பெரிய பிள்ளையாகி ஒரு வருடம் சொச்சம்தான் ஆகிறது, இவ்வளவு சீக்கிரம் வளர்ச்சி நிற்பது அபூர்வம். இத்தனை நாள் பாடுபட்டுப் பிடித்து வைத்ததை அவசரப்பட்டு விட்டுவிடக் கூடாது. இன்னும் பத்து மாதம் இப்படியே முழு நேரமும் போடட்டும் என்றார். பிள்ளை அழவில்லை. ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். அண்ணிதான் அவள் கன்னத்தைத் தடவி, பத்து மாசம் பறந்துரும் கண்ணு என்றார். நான் கிளினிக் கொப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம். அடுத்த தேதிக்கு நர்ஸ் கூப்பிட வேண்டும். பிள்ளைக்கு ஏதாவது வாங்கி வருகிறேன் என்று அண்ணி கன்டீனுக்குப் போனார். பிள்ளை பையிலிருந்து கணக்குக் கொப்பியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தாள். இருபத்து நாலு கட்டமும் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு கட்டம் போடாமல் வெறும் பெருக்கல் குறியாக இரண்டு. பிரேஸ் போட்டவர்களுக்கு நன்றாகச் சாய்ந்தும் உட்கார முடியாது, குனிந்தும் உட்கார முடியாது. அவள் நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது.

எழுந்து போய்க் கதவடியில் நின்றேன். உங்கள் நம்பர் முடிந்துவிட்டது என்று வாசலில் நின்றவர் தடுத்தார். ஒரே ஒரு வார்த்தை என்றேன். உள்ளே வேறு நோயாளி இருக்கிறார், இருங்கள் என்றார். அண்ணி வருவதற்குள் உள்ளே போய்விட வேண்டும் என்று என் கண் கன்டீன் பக்கமே இருந்தது. உள்ளே இருந்த ஆள் வெளியே வரவே இல்லை. நடையின் அந்தக் கோடியில் அண்ணி தெரிந்தார், கையில் பணிஸ் ரொட்டிப் பை. அவர் நெருங்கி வரவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது. என்ன புள்ள, எதையும் மறந்துட்டியா என்று கேட்டுக்கொண்டே அவரும் என்னோடு உள்ளே வந்தார். பிள்ளையும் எழுந்து பின்னால் வந்தாள்.

வெளியே போங்கள் அண்ணி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார், அதற்கும் ஒரு பொய் வேண்டும். என்னிடம் பொய் தீர்ந்துபோயிருந்தது. டொக்டரைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னேன். மிஸ், நான் கொடுத்தது தண்ணீர் ஊற்றிய தேதி. பிள்ளை பெரியவளானது அதற்கு ஒரு வருடம் முந்தி. வீட்டில் சாவு விழுந்திருந்தது, மறைத்துவிட்டேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். என் பக்கத்தில் பணிஸ் பை நசுங்குகிற சத்தம் கேட்டது.

“அப்ப நான் யாருக்குத் தண்ணி ஊத்துனேன் புள்ள?” என்றார் அண்ணி.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வழி கேட்கிறவர் மாதிரி கேட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் விரலை மடக்கி மாதம் எண்ணுவது ஓரக்கண்ணில் தெரிந்தது. எண்ணிக்கொண்டு வந்து தன் அப்பா செத்த மாதத்தில் நிறுத்தினார். அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

டொக்டர் திட்டவில்லை. முதலிலேயே தெரிந்திருந்தால் வேறு கணக்குப் போட்டிருப்போம் அம்மா என்று மட்டும் சொன்னார். பேனாவை எடுத்துக்கொண்டு, அப்படியானால் சரியான தேதி என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். தேதி வரவில்லை. எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை பொய்த் தேதியைச் சொல்லிச் சொல்லி, அந்த இடத்தில் அதுவே நன்றாக உட்கார்ந்துவிட்டிருந்தது. உண்மையானதைத் தேடினேன், அண்டாவும் பந்தலும் ஞாபகம் வந்ததே ஒழிய நாள் வரவில்லை. டொக்டர் காத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை பின்னாலிருந்து சொன்னாள், சிங்களத்தில், தெளிவாக. தேதி, மாதம், வருடம். புதன்கிழமை என்றும் சேர்த்தாள். டொக்டர் பழைய தேதியைக் குறுக்கே வெட்டிவிட்டு அதை எழுதினார். காலண்டரைப் பார்த்து எண்ணினார், எக்ஸ்ரே படத்தை மறுபடியும் எடுத்து வைத்துப் பார்த்தார். இருபத்தாறு மாதம், இப்போது எலும்பும் கொப்பியும் ஒன்றையே சொல்கின்றன என்றார். இன்றையிலிருந்து பகலில் வேண்டாம், தூங்கும்போது மட்டும் போடட்டும், ஆறு மாதத்தில் படம் எடுத்துப் பார்த்து அதையும் நிறுத்திவிடலாம் என்றார். அங்கேயே கழற்றச் சொன்னார். பட்டியை அவிழ்க்க நான் கையை நீட்டினேன். பிள்ளை தானே பின்னால் கையைக் கொண்டுபோய் மூன்றையும் அவிழ்த்தாள்.

பிரேஸை மேசையில் வைத்துவிட்டு வெறும் பனியனோடு நின்றவளை டொக்டர் பக்கத்தில் கூப்பிட்டார். உனக்குத்தான் தேதி நன்றாகத் தெரிந்திருக்கிறதே, இத்தனை தடவை வந்தும் என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை மகளே என்று அன்பாகக் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

“நீங்கதானம்மா வாயத் தொறக்காதன்னு சொன்னீங்க. அப்புறம் தொறன்னு சொல்லவே இல்லியே.”

பிள்ளை என்ன சொல்கிறாள் என்று டொக்டர் என்னைக் கேட்டார். அண்ணிதான் நசுங்கிய பணிஸ் பையை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, ஒரு சொல் விடாமல் அதைச் சிங்களத்தில் சொன்னார்.